நாய்க்கு இருமல் போய்ப் போய் வருகிறதா? புல் விதை உள்ளே போயிருக்கலாம்

மாத்திரை கொடுத்தால் இருமல் நிற்கிறது. மாத்திரை முடிந்து பத்துப் பதினைந்து நாளில் மறுபடி செருமல் தொடங்குகிறது. வேறு மாத்திரை எழுதித் தருகிறார்கள், நிற்கிறது, மறுபடி வருகிறது. உங்கள் வீட்டு நாய்க்கு இப்படி நடந்துகொண்டிருந்தால், அது ஓடி விளையாடிய இடங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காய்ந்த புல் வளர்ந்த தரிசு, அறுவடை முடிந்த காடு, வைக்கோல் போர், காலி மனை என்று ஏதாவது நினைவுக்கு வந்தால் மேலே படியுங்கள்.

எங்கள் வீட்டு நாய் செவலை. நாட்டு நாய், அப்போது ஐந்து வயது. ஒரு பொங்கல் விடுமுறையில் கோவில்பட்டிப் பக்கம் உறவினர் ஒருவரின் மானாவாரி நிலத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். இடுப்பு உயரப் புல்லுக்குள் வாயைத் திறந்துகொண்டு ஓடியவன் சட்டென்று நின்று, கழுத்தை நீட்டி, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல அரை மணி நேரம் செருமினான். பிறகு தண்ணீர் குடித்தான், வாலாட்டினான், சோறு தின்றான். நாங்களும் மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் இருமலும் வந்தபோது, டாக்டர் "புதுசா எங்கயாவது கூட்டிட்டுப் போனீங்களா?" என்று கேட்டார். "இல்லையே டாக்டர்" என்று சொன்னேன். அந்த ஒரு பதிலால் நாலு மாதம் போய்விட்டது. மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்து, மூன்று முறையும் குணமானதாக நினைத்தோம். நாலாம் மாதம் வலது பக்கக் கடைசி விலாவுக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. கீறிச் சீழை எடுத்தார்கள், ஆறியது, அதே இடத்தில் மறுபடி வந்தது. கடைசியில் ஸ்கேன் எடுத்து, அறுவைசிகிச்சை செய்து வெளியே எடுத்தது ஒரு புல் விதை. பழுப்பு நிறம், நகத்தின் நீளம்கூட இல்லை.

நுரையீரலுக்குள் போன விதை இடுப்புப் பக்கம் எப்படி வரும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன்.

புல் விதை எப்படி நகர்கிறது

ஊசிப்புல்லின் ஒரு விதையைப் பிடுங்கி விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். கூர்முனை முன்னால் போகும்படி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். திருப்பி இழுத்தால் தோலில் பிடிக்கும். முனையை ஒட்டி இருக்கும் மெல்லிய மயிர்கள் எல்லாம் பின்பக்கம் சாய்ந்திருப்பதுதான் காரணம். இனி அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். முறுக்கியிருந்த வால் ஈரம் பட்டதும் மெல்லச் சுற்றத் தொடங்கும். மழை பெய்தால் மண்ணுக்குள் தன்னைத்தானே திருகிக்கொண்டு இறங்குவதற்காக அந்தப் புல்லுக்கு அமைந்த வசதி இது. நாயின் மூச்சுக்குழாயிலும் ஈரம் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது விரிந்து சுருங்குகிறது. விதை ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் முன்னேறும், பின்வாங்காது. கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு, அது தானாகத் தோள் வரை ஏறுவதைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

ஊசிப்புல் மட்டுமல்ல. சுணை உள்ள எந்தக் கதிரும், நெல்லின் வாலும்கூட இப்படிப் போகக்கூடியவைதான். நாயுருவியின் காய் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், நாய் அதைப் பல்லால் பிடுங்கும்போது தொண்டைக்குப் போகலாம்.

உள்ளே போனது மூச்சுக்குழாயின் கிளைகளில் இறங்கி, பெரும்பாலும் நுரையீரலின் பின்பகுதி மடல்களுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து நுரையீரலைத் துளைத்து மார்புக்கூட்டுக்குள் வரலாம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை ஒட்டியே போய், முதுகெலும்புக்குக் கீழே இடுப்புத் தசைகளுக்குள் இறங்கலாம். செவலைக்கு அப்படித்தான் ஆனது. போகிற வழியெல்லாம் வாயிலும் மண்ணிலும் இருக்கும் பாக்டீரியாவை அது சுமந்துகொண்டு போகும். சீழ் வைப்பது அதனால்தான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை அடக்குகிறது, அதனால் இருமல் குறைகிறது. ஆனால் விதை செடிப்பொருள், உடம்பு அதைச் செரிக்காது, எந்த மருந்தும் கரைக்காது. மருந்தை நிறுத்தினால் அதைச் சுற்றி மறுபடி சீழ் கட்டும்.

உள்ளே போன அன்று

புல்லுக்குள் ஓடிய நாய் திடீரென்று அடுக்கடுக்காகத் தும்மினாலோ செருமினாலோ முதலில் விளையாட்டை நிறுத்துங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈறிலோ நாக்கின் கீழோ வெளியே தெரியும்படி ஏதாவது குத்தியிருந்தால், நாய் அமைதியாக இருந்தால் மட்டும், மெல்ல எடுக்கலாம். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். மூக்குத் துவாரத்தில் வால் வெளியே தெரிந்தால் ட்வீஸரால் நேராக இழுக்கலாம். தெரியாவிட்டால் எதையும் உள்ளே விடாதீர்கள்.

செருமல் நின்றுவிட்டால் வெளியே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்கு இறங்கிய பிறகு இருமல் குறைவது வழக்கம்தான். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் போய்விடுங்கள். விதை பெரிய மூச்சுக்குழாய்க் கிளையில் இருக்கும்வரை எண்டோஸ்கோப்பி என்னும் கேமராக் குழாயை விட்டுப் பிடித்து எடுத்துவிட முடியும். நாளாக ஆக அது குழாயைத் தாண்டி நுரையீரல் திசுவுக்குள் புதைந்துவிடும். அதன்பின் அறுவைசிகிச்சைதான்.

போக முடியாவிட்டாலும் ஒன்று மட்டும் செய்யுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் என்று போனில் ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தப் புல்லின் ஒரு கதிரையும் பிடுங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான்.

மூக்கா, மார்பா?

மூக்கில் சிக்கியிருந்தால் தும்மல்தான் முதலில். இருபது முப்பது தும்மல் தொடர்ந்து வரும், நாய் முன்னங்காலால் மூக்கைத் தேய்க்கும், தரையில் முகத்தை உரசும், சில சமயம் ரத்தம் வரும். சில நாள் கழித்துத் தும்மல் குறைந்து, ஒரே ஒரு துவாரத்திலிருந்து கெட்டியான சளி ஒழுகத் தொடங்கும். 'ஒரே பக்கம்' என்பதைக் கவனியுங்கள். சாதாரண சளித் தொற்றில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். நாய் வாயை மூடி அமைதியாக இருக்கும்போது மூக்குக்கு முன்னால் பிடியுங்கள். டம்ளரில் இரண்டு ஆவித் திட்டுகள் படிய வேண்டும். ஒரு திட்டு மட்டும் சின்னதாக இருந்தால், அல்லது படியவே இல்லை என்றால், அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது. மூன்று நான்கு முறை செய்து பார்த்து, போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் புல் விதைதான் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும், அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். மலைப்பகுதி ஓடையில் தண்ணீர் குடித்த நாயின் மூக்குக்குள் அட்டை போயிருப்பதும் உண்டு.

மார்புக்குள் போயிருந்தால் அறிகுறிகள் அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. விட்டு விட்டு வரும் இருமல், விட்டு விட்டு வரும் காய்ச்சல், வாய் நாற்றம், பசி குறைவது, கொஞ்சம் ஓடினாலே உட்கார்ந்துவிடுவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, மருந்துக்குக் கேட்டு, மருந்து நின்றதும் திரும்பினால் சந்தேகப்பட வேண்டும். முதுகைத் தொட்டால் உறுமுவது, விலாவுக்குப் பின்னால் வீக்கம் என்று வந்துவிட்டால் விதை வெகுதூரம் போய்விட்டது என்று பொருள்.

எல்லா இருமலும் இதுவல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற நாய்களிடமிருந்து ஒட்டும் இருமல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். பொமரேனியன் போன்ற சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தாராக் கத்துவதுபோல இருமல் வரும். வயதான நாய்க்கு இதயக் கோளாறு இருக்கலாம். கொசு மூலம் பரவும் இதயப் புழுவும் இருமலைக் கொடுக்கும். இவற்றையெல்லாம் பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. அவர் பிரித்துப் பார்க்கத் தேவையான விவரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை.

மூச்சை எண்ணப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாய் நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். விலா ஏறி இறங்கினால் அது ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும்போதும், ஓடிவிட்டு வந்து நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும்போதும் எடுத்த கணக்கு உதவாது. கோடையில் மின்விசிறிக்குக் கீழே, இரவில் எண்ணுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, எண், காய்ச்சல், மாத்திரை என்று நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நமக்கு இருப்பதைவிட அதிகம். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும், தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் வாஸ்லைன் தடவிக்கொள்ளலாம். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். செவலையின் நோட்டை நாங்கள் மூன்றாவது சுற்றில்தான் தொடங்கினோம். மாத்திரை சாப்பிடும் நாளில் மூச்சு 22, 20, 20. நிறுத்தி ஒன்பதாம் நாள் 28. பதிமூன்றாம் நாள் 38. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் புது டாக்டர் "உள்ள ஏதோ இருக்கு" என்று சொன்னார்.

இருமலையும் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றினால் எந்த நாயும் இருமாது.

எண்ணிக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. ஓய்வாக இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்தை நீட்டி முழங்கைகளை வெளியே விரித்து நிற்பது, படுக்க மறுப்பது, மூச்சுக்கு வயிறு உள்ளே இழுப்பது, ஈறு நீலமாகவோ வெளிறியோ போவது. இவற்றில் ஒன்று தெரிந்தால் நடுராத்திரி ஆனாலும் கிளம்பிவிடுங்கள். மார்புக்கூட்டுக்குள் காற்றோ சீழோ நிரம்பி நுரையீரலை அழுத்திக்கொண்டிருக்கலாம். வழியில் நாயை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். அதற்கு வசதியான நிலையிலேயே விடுங்கள், வாய்க்கட்டுப் போடாதீர்கள், வண்டிக்குள் குளிர்ச்சியாக வையுங்கள், தண்ணீர் புகட்டாதீர்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "டாக்டர், இந்தத் தேதியில் புல்லுக்குள் ஓடும்போது திடீரென்று செருமினான். அதற்கு இத்தனை நாள் கழித்து இருமல் வந்தது. இந்த மாத்திரையில் நின்றது, நிறுத்தி இத்தனை நாளில் திரும்பியது. புல் விதை உள்ளே போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது." நோட்டையும் வீடியோவையும் டப்பாவில் இருக்கும் கதிரையும் மேசைமேல் வையுங்கள். மரியாதையோடு கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரும்பாலும் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் முதலில் எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும், புல் விதை தெரியாது. சுற்றி உள்ள திசுவும் அதுவும் படத்தில் ஒரே சாயலில் இருக்கும். ஆகவே "எக்ஸ்ரே பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை" என்று முடித்துக்கொள்ளக் கூடாது. அது ஏற்படுத்திய பாதிப்பு தெரியலாம்: ஒரு மடலில் மட்டும் மூட்டமாக இருப்பது, மார்புக்குள் நீர் கோத்திருப்பது போன்றவை. ஒவ்வொரு முறை எடுத்த படத்திலும் அதே மடல்தான் மூட்டமாக இருக்கிறது என்றால் அது பெரிய துப்பு. பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த கட்டம், மயக்க மருந்து கொடுத்து மூக்குக்குள்ளோ மூச்சுக்குழாய்க்குள்ளோ கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது, அல்லது சி.டி. ஸ்கேன். குழாய்க்குள் இருந்தால் கேமராவில் பார்த்து அப்போதே எடுத்துவிடலாம். தாண்டிப் போயிருந்தால் ஸ்கேன்தான் அது போன பாதையைக் காட்டும். அதிலும்கூட விதை நேரடியாகத் தெரியாமல் பாதை மட்டும் தெரிவது உண்டு. இந்த வசதிகள் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நெடுந்தூரம் கிளம்பும் முன் எண்டோஸ்கோப்பி இருக்கிறதா, எந்தக் கிழமை பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று போனில் கேட்டுவிடுங்கள். உள்ளூர் டாக்டரின் பரிந்துரைக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சீழோ நீரோ எடுத்தால் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அதை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். புல் விதையோடு போகும் பாக்டீரியாக்களில் ஆக்டினோமைசிஸ், நோகார்டியா என்று இரண்டு வகை அடிக்கடி பேசப்படும். பார்வைக்கு ஒரே மாதிரி சீழ்தான், ஆனால் ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காமல் போகலாம். இரண்டுக்குமே ஒரு வாரம் மருந்து கொடுத்துப் பயனில்லை, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குப் போனால் தனியாக ஒரு நிமோனியா வரும். மூக்கில் கற்பூரத் தைலம் தடவாதீர்கள், கற்பூரம் நாய்க்கு நஞ்சு. நமக்கு வாங்கிய இருமல் சிரப், பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். வாயைப் பிளந்து பாலோ கஷாயமோ ஊற்றாதீர்கள், ஏற்கெனவே இளைக்கிற நாய்க்குப் புரையேறினால் தாங்காது.

ஸ்டீராய்டு ஊசி பற்றி ஒரு வார்த்தை. போட்ட அன்றே இருமல் நின்று, நாய் துள்ளும். வீக்கம் குறைவதால் வரும் நிம்மதி அது. உள்ளே தொற்று இருக்கும்போது அந்த நிம்மதிக்குள் தொற்று பரவிவிடும். புல் விதைச் சந்தேகம் இருப்பதை ஊசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எடுத்த பிறகு

மூக்கிலிருந்து எடுத்தால் சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். மார்பிலிருந்து எடுத்தால் பொறுமை வேண்டும். சீழ் கட்டியிருந்தால் மார்புக்குள் குழாய் வைத்து வடியவிட்டு, சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள். ஒரு மடல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தால் அதை வெட்டி எடுப்பார்கள். ஒரு மடல் இல்லாமலும் நாய் நன்றாக வாழும், அதைக் கேட்டதும் பயந்துவிடாதீர்கள். விதையை எடுத்தார்களா என்று நேராகக் கேளுங்கள். துண்டாக வந்ததா, முழுதாக வந்ததா என்றும் கேளுங்கள். டப்பாவில் இருக்கும் கதிரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள். முடித்த பிறகு ஒரு மாதமாவது இரவு மூச்செண்ணிக்கையை விடாதீர்கள், திரும்புவதாக இருந்தால் அந்த எண்ணில்தான் முதலில் தெரியும். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக நெஞ்சுப்பட்டை போடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் முளைத்த புல் மார்கழியிலிருந்து காயத் தொடங்கும். அப்போதிருந்து கோடை மழை வரைக்கும் காய்ந்த புல்லுக்குள் நாயை அவிழ்த்துவிடாமல், கயிற்றைப் பிடித்துப் பாதையிலேயே நடத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே உட்காரவைத்துச் சீப்பு போடுங்கள். காது மடலின் உட்புறம், அக்குள், விரல் இடுக்கு, வால் அடி. செவலைக்கு விரல் இடுக்கைத் தொட்டால் பிடிக்காது, காலை இழுத்துக்கொள்வான். ஒரு துண்டு கருவாடு காட்டினால் நாலு காலையும் கொடுப்பான். நேற்று முன்னங்காலில் இரண்டு விதை கிடைத்தது. தூங்கும்போது எண்ணினேன், பதினெட்டு.